பக்தியும் கட்சிப் பற்றும் முட்டிக்கொள்ளும்போது ஓட்டை எப்படி முடிவு செய்வது?

தேர்தல் நெருங்கியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா ஆரம்பிப்பார்: "இவ்வளவு சாமி கும்பிடுறவன், அந்தக் கட்சிக்கு எப்படிடா ஓட்டுப் போடுற?" அதே வாரம் டீக்கடையில் கட்சிக்காரர் ஒருவர் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "அண்ணே, நம்ம பக்கம்தானே இருக்கீங்க?" தமிழ்நாட்டில் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் நிற்கும் குடும்பங்கள் ஏராளம். எங்களுடையது அதில் ஒன்று. நான் திருவாரூர்க்காரன், கோயில் பக்கம் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அப்பா திமுக கிளைச் செயலாளராக இருந்தவர். தியாகராஜர் சன்னதியில் சாயரட்சை என்னும் மாலைப் பூசையைத் தவறவிடாதவர். இரண்டும் அவருக்கு ஒன்றோடொன்று இடிக்கவில்லை. எனக்குச் சில தேர்தல்களில் இடித்தது. அப்போது நான் செய்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தச் சின்னத்தில் குத்த வேண்டும் என்று சொல்லப் போவதில்லை.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

உங்கள் பக்தி சம்பந்தப்பட்டு எதெல்லாம் மனதை உறுத்துகிறதோ, அதெல்லாம் ஒழுங்கில்லாமல் எழுதிக்கொண்டே போங்கள். சின்னது பெரியது பார்க்க வேண்டாம். அப்புறம் ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: என் கையில் இருப்பது, அரசு கை வைக்கக்கூடியது, மேடைப் பேச்சு.

என் தாளில் இருப்பவை இவை. பையன் கோயிலுக்கு வருவதில்லை. சன்னதியில் தேவாரம் கேட்க வேண்டும், ஓதுவார் பணியிடம் காலியாக இருக்கக் கூடாது. கோயில் நிலத்தின் குத்தகை கோயிலுக்கு வந்து சேர வேண்டும். வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் மேடையில் சிவனைக் கேலி செய்தது இன்னும் வலிக்கிறது. குக்கிராமத்துச் சிவன் கோயிலில் ஒரு வேளைப் பூசையாவது நடக்க வேண்டும்.

பையன் விஷயத்தில் எந்த முதலமைச்சரும் ஒன்றும் செய்ய முடியாது. அது என் வீட்டு வேலை. பேச்சாளர் மூன்றாம் வகை. ஓதுவாரும் குத்தகையும் ஒருவேளைப் பூசையும் இரண்டாம் வகை. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. வருமானமில்லாத கோயில்களுக்கு அரசு வைப்புநிதி போட்டு, அதன் வட்டியில் விளக்கெரிய வைக்கும் ஒருகால பூசைத் திட்டம் அதன் கையில் இருக்கிறது. ஆட்சி மாறினால் இவற்றில் எது மாறும், எது மாறாது என்று கேட்பதில் அர்த்தம் உண்டு.

வீட்டுச் சண்டைகளைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாம் வகையை வைத்துத்தான் நடக்கும். யார் எந்த மேடையில் என்ன சொன்னார், யார் எந்தக் கோயிலில் விழுந்து கும்பிட்டார் என்ற வீடியோக்கள்தான் சுற்றும். ஓட்டு என்பது இரண்டாம் வகைக்கானது என்பது என் உறுதியான எண்ணம். மேடைப் பேச்சை முழுக்க ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அவமதிப்பு வலிக்கத்தான் செய்யும். அந்தக் கட்சி அவரைக் கண்டித்ததா, பொறுப்பில் வைத்ததா என்பதையும் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்தால் கோயிலுக்கு நல்லது நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எங்கள் ஊர்த் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆழித்தேர் 1948க்குப் பிறகு ஓடாமல் நிலையிலேயே நின்றுகிடந்தது. 1970இல் அது மறுபடி வீதிக்கு வந்தபோது முதல்வராக இருந்தவர் கருணாநிதி, தன்னைப் பகுத்தறிவுவாதி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். திருச்சி பெல் நிறுவனம் பிரேக் அமைத்துக் கொடுத்தது. அவ்வளவு பெரிய தேர் வீதி முனையில் திரும்பும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுபவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த பிரேக் எத்தனை உயிரைக் காக்கிறது என்று.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில், 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி, கோயில்களில் கிடா வெட்டுவதற்கும் கோழி அறுப்பதற்கும் இருந்த தடையைக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவு வந்தது. கோயில்களில் அன்னதானத் திட்டத்தை 2002இல் தொடங்கிய அதே ஆட்சி அது. அதன் தலைவரின் பக்தியை யாரும் சந்தேகித்ததில்லை. ஆனாலும் முனியாண்டிக்கும் கருப்பசாமிக்கும் நேர்ந்துவிட்ட கிடாயோடு நின்ற குடும்பங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தன. 2004இல் அரசு அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொண்டது. ஆகவே, ஒரு தலைவர் கும்பிடுகிறாரா இல்லையா என்பதிலிருந்து அவர் அரசு உங்கள் வழிபாட்டை எப்படி நடத்தும் என்று கணக்குப் போட முடியாது.

நாகப்பட்டினம் பக்கம் எனக்கு ஒரு நண்பர், ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர், பரம்பரை இரட்டை இலைக் குடும்பம். அவர் தாளில் இரண்டாம் வகையில் முதல் வரி, 2002இல் அந்த ஆட்சி கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம். 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த இரண்டு வருடமும் அவர் கட்சியை விட்டு விலகவில்லை, ஆனால் 2004இல் வேறு சின்னத்தில் போட்டதாக என்னிடம் சொன்னார். கட்சி உறுப்பினர் அட்டையும் ஓட்டும் இரண்டு தனிப் பொருள் என்பதை நான் அவரிடம்தான் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

எந்தத் தேர்தல் என்று பாருங்கள்

தாளில் இரண்டாம் வகையில் விழுந்தவை ஒவ்வொன்றும் யார் கையில் இருக்கிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். கோயில் நிர்வாகம், அறங்காவலர் நியமனம், அர்ச்சகர் பணி எல்லாம் மாநில அரசு. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற விவகாரம் 1970இல் சட்டமன்றத்தில் தொடங்கி, உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஆகஸ்ட்டில் பயிற்சி முடித்தவர்கள் பணி ஆணை வாங்கும் வரை நீண்டது. இதை ஆதரிக்கும் சைவர்களும் உண்டு, கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமத்தைச் சொல்லி எதிர்க்கும் சைவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் அதை மனதில் வைத்து மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டுப் பயனில்லை, எம்.பி.யால் அதில் செய்யக்கூடியது மிகக் குறைவு. திருமணச் சட்டம், வாரிசுச் சட்டம் போன்றவற்றில் நாடாளுமன்றத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தக் கவலை உங்கள் தாளில் இருந்தால் மக்களவைத் தேர்தலில் அதற்கு எடை கூட்டுங்கள்.

கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலிலும் அந்த ஊராட்சியின் வார்டு உறுப்பினர் தேர்தலிலும் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னமே கிடையாது. ஊர்க் குளம் தூர்வாருவது, தேரோடும் தெருவுக்கு விளக்குப் போடுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். அங்கே கட்சி பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

ஒரே நாளில் இரண்டு தேர்தலுக்கு இரண்டு விதமாகப் போடுவது துரோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. எங்கள் திருவாரூரும் அதில் ஒன்று. சாவடிக்குள் இரண்டு இயந்திரங்கள். தர்மபுரி மக்களவைத் தொகுதியை அன்று திமுக வென்றது. அதற்குள் அடங்கிய அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் சட்டமன்ற இடத்தை அதிமுக வென்றது. ஒரே வரிசையில் நின்ற மக்கள்தான் அப்படிப் பிரித்துப் போட்டார்கள்.

கட்சிப் பற்றையும் அதே போல எழுதுங்கள்

பக்தியை மட்டும் தாளில் கிடத்திப் பிரித்துப் பார்ப்பது நியாயமில்லை. கட்சியோடு உங்கள் வீட்டுக்கு ஏன் ஒட்டுதல் வந்தது? எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளின் தெருவில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டு தோளுக்கு ஏறிய காலமும் கட்சி ஊருக்குள் வந்த காலமும் எங்கள் வீட்டு நினைவில் ஒன்றாகவே கிடக்கின்றன. 1989இல் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. என் தங்கைக்குப் பங்கு எழுதும்போது அப்பா அந்தச் சட்டத்தைப் பெருமையோடு சொன்னார். இதெல்லாம் வெறும் சின்ன மோகம் என்று மாமா சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாதிப் பெயரால் யாரையும் கீழே தள்ளக் கூடாது என்பதும் என் சைவத்தில் உண்டு. நந்தனாரையும் கண்ணப்பரையும் கும்பிடுகிற சைவம் இது. எனவே எங்கள் வீட்டுக் கட்சிப் பற்றில் பாதி, உண்மையில் என் பக்திப் பட்டியலில் இருக்க வேண்டியது.

உங்கள் வீட்டில் வேறு கட்சி இருக்கலாம், காரணமும் வேறாக இருக்கலாம். எழுதிய பிறகு ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்தக் காரணத்துக்காக இன்றும் அந்தக் கட்சி உழைக்கிறதா, அல்லது உழைத்தவர்களின் படத்தை மட்டும் வைத்திருக்கிறதா? நன்றிக்கடனை வேறு வழிகளிலும் தீர்க்கலாம். ஓட்டு அடுத்த ஐந்து வருடத்துக்கானது.

ஆளைப் பாருங்கள்

வேட்பாளர் ஒவ்வொருவரும் படிவம் 26இல் பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். சொத்து, கடன், குற்ற வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம். நான் முதலில் வழக்குப் பக்கத்தையும், அடுத்து நிலங்களின் பட்டியலையும் பார்ப்பேன். டெல்டாவில் கோயில் நிலமும் குத்தகைப் பாக்கியும் பெரிய விஷயம். வேட்பாளரோ அவர் நெருங்கிய உறவோ கோயில் நிலத்தை அனுபவித்துக்கொண்டு பாக்கி வைத்திருக்கிறாரா என்பது பிரமாணப் பத்திரத்தில் வராது. ஊரில் விசாரித்தால் வரும். திருவிழாவில் முன்வரிசையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்பவரைப் பற்றியும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்புதான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. "நம்ம சாமிக்காக" என்று வேட்பாளரே வந்து கேட்டால், உங்கள் பக்தியை அவர் ஓட்டுக்கான சரக்காகப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்பூரச் சத்தியம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பக்தி உள்ளவர்களைத்தான் இது பிடித்துக்கொள்கிறது. வாக்குப்பதிவுக்கு முன்னிரவு ஆள் வரும். கவரை நீட்டும்போதே சாமி படத்தைக் காட்டி, அல்லது தட்டில் கற்பூரத்தை ஏற்றி, "அம்மா, சத்தியம் பண்ணுங்க" என்பார்கள். சில ஊரில் பால் சொம்பு. சாமிக்குப் பயப்படாதவர் சத்தியம் செய்துவிட்டு இஷ்டப்படி போடுவார். பயப்படுகிறவர்தான் மாட்டிக்கொள்வார். எங்கள் கடைக்கு வரும் வயதான அம்மா ஒருவர், சத்தியத்தை மீறினால் பேரனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கண் கலங்கிக் கேட்டிருக்கிறார்.

முதல் வழி, கையை நீட்டாமல் இருப்பது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். "வீட்டில் விரதம், சத்தியம் செய்வதில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினால் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். துணிவிருந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். ஏற்கெனவே சத்தியம் செய்துவிட்டவருக்கு நான் சொல்வது இது: தப்பான காரியத்துக்குச் சாமியைச் சாட்சிக்கு இழுத்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கற்பூரத்தைக் கடைக்காரனாக தினமும் கையில் எடுக்கிறவன் நான், நம்பித்தான் சொல்கிறேன். மனம் ஆறவில்லை என்றால் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, இறைவனிடம் சொல்லிவிட்டு, மனசாட்சிப்படி வாக்களியுங்கள்.

சாவடியில்

ரகசியம் உண்மையிலேயே ரகசியம்தான். பூத் ஏஜெண்டுகள் உங்கள் பெயரைச் சரிபார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டிக்குப் பின்னால் நீங்கள் தொடும் பொத்தான் அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் போட்ட சின்னத்தைக் காட்டும் விவிபேட் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் உங்களுக்குத் தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும். வெளியே வந்து மாமா கேட்டாலும் கட்சிக்காரர் கேட்டாலும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. "போட்டாச்சு" போதும்.

எல்லா வேட்பாளரும் உங்கள் தாளின் இரண்டாம் வகையில் தோற்றால் நோட்டா இருக்கிறது. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்தது. அதில் எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் வென்றுவிடுவார். வீட்டுச் சண்டைக்குப் பயந்து நோட்டா போடாதீர்கள்.

நம் ஊரில் தேர்தல் பெரும்பாலும் பங்குனி, சித்திரை மாதங்களில் வந்து திருவிழாவோடு மோதும். 2019இல் மதுரையில் சித்திரைத் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்ததால் இரவு 8 மணி வரை வாக்களிக்க நேரம் கொடுத்தார்கள். எல்லா ஊருக்கும் அந்தச் சலுகை கிடைக்காது. தேர் இழுக்கப் போகிறவர்கள் காலை 7 மணிக்கே சாவடிக்குப் போய்விட்டு வடத்தைப் பிடிக்கட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 கொடுக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.