மொட்டை மாடியில் அய்த்திஸ் நடத்துவது எப்படி?

மத்திய ஆசியாவில் கசாக்குகள் அய்த்திஸ் என்றும் கிர்கிசுகள் அய்த்திஷ் என்றும் அழைக்கும் பாட்டுப் போட்டியில், அக்கின் எனப்படும் ஆசுகவிகள் இருவர் அவையின் முன் அமர்ந்து, ஒருவர் பாடியதற்கு மற்றவர் அக்கணமே பாட்டால் விடை சொல்வார்கள். யுனெஸ்கோ 2015-ஆம் ஆண்டில் கசகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய இரு நாடுகளுக்கும் பொதுவான மரபாகப் பட்டியலில் சேர்த்த இக்கலை, காளமேகத்தையும், காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டால் வாதிடும் எரிந்த கட்சி, எரியாத கட்சி லாவணியையும் அறிந்த நமக்கு அயலானதே இல்லை. மார்கழி மாலையொன்றில் சென்னையின் மொட்டை மாடி ஒன்றில் அதைத் தமிழிலேயே பழகிப் பார்க்கலாம்.

முதலில் கருவியைத் தேர்ந்துகொள்ளுங்கள். கசாக்கு அக்கின் இரு நரம்புள்ள தோம்பிராவையும், கிர்கிசு அக்கின் மூன்று நரம்புள்ள கொமுஸையும் தாமே மீட்டிப் பாடுகிறார். அடுத்த அடி நெஞ்சில் திரளும்வரை அவையைப் பிடித்து வைப்பது அந்த மீட்டல்தான். ஒரே சீராக ஒலிக்கும் தம்புரா இதற்கு உதவாது என்பது என் கருத்து. பாடுபவரே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் கஞ்சிராவோ டேப் என்னும் தோற்கருவியோ போதும்.

கசாக்குகளின் கரா ஓலெங் என்னும் நாலடிப் பாட்டில் அடிக்குப் பதினோர் ஒலியசை வரும். முதல், இரண்டாம், நான்காம் அடிகளின் இறுதி ஒத்தொலிக்க, மூன்றாமடி விலகி நிற்கும். தொடக்கத்திலேயே ஒலியசை எண்ணித் திணறாமல், அந்த இயைபை மட்டும் எடுத்துக்கொண்டு, ஈற்றடியை முதலில் மனத்தில் நிறுத்தி, மற்ற அடிகளை அதை நோக்கிச் செலுத்துங்கள்.

தலைப்பை அவையினரே தரட்டும், அதுவும் இருவரும் அமர்ந்த பின்னரே. மழைநீர் வடியாத தெருவோ, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களோ, ஊர்க்குறை எதுவும் பொருந்தும். அக்கின்களும் பொதுக்குறைகளை அவையிலேயே எடுத்துப் பாடுபவர்கள்தாம். எதிராளியின் ஈற்றடியிலிருந்து ஒரு சொல்லையாவது எடுத்துக்கொண்டே தொடங்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டால், வீட்டில் எழுதி வந்த பாட்டு எடுபடாது.

தீர்ப்புச் சொல்வோர் பிர்ஜான், சாரா என்னும் இரு கசாக்கு அக்கின்களின் போட்டியை நினைவில் கொள்ள வேண்டும். 1871-இல் நடந்ததாகக் கசாக்குகள் போற்றும் அப்போட்டியில், சொல்வன்மையில் சிறிதும் குறையாத இளம்பெண் சாரா, தனக்கு விருப்பமின்றி நிச்சயிக்கப்பட்ட மணமகனைப் பற்றிப் பிர்ஜான் கேட்டபோது, அவனைப் புகழ வழியின்றித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆகவே இயைபு தவறியதற்காக யாரையும் தோற்றவராக்காதீர்கள். கேட்ட கேள்விக்கு நேர்விடை தராமல் நழுவியவரே தோற்றவர். முதல் நாளில் ஆளுக்கு நான்கு பாட்டு போதும்.