ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்பும் இடியமும்: தமிழைக் கைப்பிடியாக வைத்துப் படிக்கும் முறை

"தி அலாரம் வென்ட் ஆஃப்" என்ற வாக்கியத்தைப் புதிதாகப் படிப்பவரிடம் காட்டினால், அலாரம் நின்றுவிட்டது என்றுதான் சொல்வார். ஆஃப் என்ற சொல்லை நாம் முதலில் சந்தித்ததே ஸ்விட்ச் போர்டில்தானே. ஆனால் அதற்கு அலாரம் அடித்தது என்று பொருள். கோ தெரியும், ஆஃப் தெரியும். இரண்டும் சேர்ந்ததும் கையை விரித்துவிடுகின்றன. ஃப்ரேசல் வெர்ப் என்பது இதுதான்: ஒரு வினைச்சொல், அதன் வாலில் அப், ஆஃப், அவுட், ஆன் என்று ஒரு குட்டிச் சொல்.

இதை ஆங்கிலத்தின் கோணங்கித்தனம் என்று ஒதுக்க வேண்டாம். 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம், எதைப் பார்ப்பது? 'விட்டுக்கொடு' என்பதில் எதை விட்டோம், யாருக்குக் கொடுத்தோம்? கூட்டத்தைத் 'தள்ளிப்போட்டார்கள்' என்றால் யாரும் எதையும் கீழே போடவில்லை. தமிழ் படிக்க வரும் வெளிநாட்டுக்காரர் இங்கேதான் தடுக்கி விழுவார். நமக்கு இந்தப் பழக்கம் பேசக் கற்றபோதே வந்துவிட்டது. அதை வைத்தே ஆங்கிலத்தையும் பிடிக்கலாம்.

தேவையானவை

ஒரு 80 பக்க நோட்டு, ஒரு பேனா, ஒரு மாணவர் அகராதி. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் தங்கள் மாணவர் அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பாக்கெட் சைஸ் ஆங்கிலம்-தமிழ் அகராதி இதற்குப் போதாது. அதில் 'புட்' என்றால் 'வை' என்று இருக்கும். 'புட் அப் வித்' இருக்காது. மாணவர் அகராதியில் முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள். அந்தச் சொல்லின் விளக்கமெல்லாம் முடிந்தபின், கடைசியில் ஃப்ரேசல் வெர்ப்கள் தனிப்பகுதியாக இருக்கும். பலர் அவ்வளவு கீழே போகாமல் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள்.

படி 1: கையில் இருப்பதை எண்ணுங்கள்

கட் ஆஃப் மார்க், மேக்கப், பிக்கப், பிரேக் டவுன், டேக் ஆஃப், லாகின், செக் அப். ஷூட்டிங்கில் கத்தும் 'பேக்கப்' கூட இந்த வகைதான். இவற்றில் ஒரு பத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

நாம் பெரும்பாலும் இவற்றைப் பெயர்ச்சொல்லாக வாங்கி, கூடவே 'பண்ணு' ஒட்டிக்கொள்கிறோம்: பிக்கப் பண்ணு, லாகின் பண்ணு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக வரும்போது இவை பெரும்பாலும் ஒரே சொல்லாகவோ நடுவே சிறுகோடு போட்டோ எழுதப்படும். அழுத்தம் முதல் பகுதியில் விழும். வினையாக வரும்போது இரண்டு சொல், அழுத்தம் வாலில். காலமும் வினையில்தான் ஏறும், வாலில் ஏறாது. "ஹி பிக்ட் மீ அப்" சரி. "ஹி பிக்கப்ட் மீ" என்று எழுதுவது, 'தள்ளிப்போட்டான்' என்பதற்குப் பதில் 'தள்ளினான்போடு' என்பதைப் போல.

அதே போக்கில் 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்பது "ஆஃப் தி ஃபேன்" ஆகிவிடுகிறது. ஆஃப் தனியாக வினையாகாது. "டர்ன் ஆஃப் தி ஃபேன்" அல்லது "ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்".

படி 2: நடுவில் பிளக்குமா என்று பாருங்கள்

"டர்ன் ஆஃப் தி லைட்", "டர்ன் தி லைட் ஆஃப்" இரண்டும் சரி. விளக்கின் பெயருக்குப் பதில் 'இட்' போட்டால் ஒரே வழிதான்: "டர்ன் இட் ஆஃப்". "டர்ன் ஆஃப் இட்" என்று வராது. பிளக்கும் வகையில் இட், தெம், ஹிம் போன்ற சுட்டுப்பெயர்கள் நடுவில்தான் உட்காரும்.

'லுக் ஆஃப்டர்' பிளக்காது. "லுக் ஆஃப்டர் ஹிம்" மட்டுமே. "லுக் ஹிம் ஆஃப்டர்" தவறு.

எது எந்த வகை என்று ஊகிக்காதீர்கள், அகராதியே சொல்லும். பிளக்கும் வினைகளில் நடுவே இரட்டைத் தலை அம்புக்குறி போடுவது லாங்மேன் வழக்கம். உங்கள் நோட்டிலும் பிளக்குபவற்றுக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். மூன்று சொல்லாக வருபவை, அதாவது புட் அப் வித், ரன் அவுட் ஆஃப், லுக் ஃபார்வர்ட் டு போன்றவை, பெரும்பாலும் பிளக்கா. கடைசியாகச் சொன்னதில் ஒரு பள்ளம் உண்டு: 'டு'வுக்குப் பின் 'மீட்' வராது, 'மீட்டிங்' வரும். "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ."

படி 3: ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்க் கூட்டுவினை

கொஞ்சம் பொறுமை வேண்டிய இடம் இது. அகராதியின் நீண்ட விளக்கத்தைக் காப்பியடிக்காமல், தமிழில் அதே வேலையைச் செய்யும் ஒரு வினையைத் தேடி எழுதுங்கள்.

கிவ் அப்: கைவிடு. கிவ் இன்: விட்டுக்கொடு, பணிந்துபோ. புட் அப் வித்: பொறுத்துக்கொள். லுக் ஆஃப்டர்: பார்த்துக்கொள். லுக் டவுன் ஆன்: இளக்காரமாகப் பார். கெட் ஓவர்: மீண்டு வா. டர்ன் டவுன்: மறுத்துவிடு, வால்யூம் பற்றிய பேச்சில் குறை.

புட் ஆஃப், கால் ஆஃப் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதலாவது தள்ளிப்போடு, இரண்டாவது ரத்து செய். இன்டர்வியூ 'புட் ஆஃப்' என்றால் புதுத் தேதிக்குக் காத்திருக்கலாம். 'கால்ட் ஆஃப்' என்றால் அந்த இன்டர்வியூவே கிடையாது.

சில சொற்கள் தமிழோடு முக்கால்வாசிதான் பொருந்தும். 'ஃபைண்ட் அவுட்' கண்டுபிடிதான், ஆனால் தெரியாத ஒரு தகவலைத் தெரிந்துகொள்ளும் கண்டுபிடி. தமிழில் திருடனையும் கண்டுபிடிப்போம், கருவியையும் கண்டுபிடிப்போம். 1877இல் எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார் என்பதற்கு 'ஃபவுண்ட் அவுட்' போட்டால் தவறு, அங்கே 'இன்வென்டட்'.

இன்னொன்று 'ரன் அவுட் ஆஃப்'. கிரிக்கெட் ரன் அவுட்டைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். "வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்": பால் தீர்ந்துபோச்சு. நாம் பாலைப் பற்றிப் பேசுகிறோம். ஆங்கிலம் 'நாம்' என்று தொடங்குகிறது. இந்த எழுவாய் மாற்றம் கண்ணில் படாவிட்டால், படித்தது நினைவிருந்தும் பேசும்போது வாயில் வராது. அதனால் நோட்டில் வெறும் வினையை எழுதாமல், கீழேயே முழு வாக்கியமாக ஒன்று எழுதுங்கள். அதுவும் உங்கள் வீட்டில், வேலையில் சொல்லக்கூடிய வாக்கியமாக.

படி 4: வாலின் குணம்

வால் சொற்களுக்கு ஓரளவு நிலையான குணம் உண்டு. 'அப்' பல இடங்களில் 'முழுசாக' என்று சொல்லும். "ஷி டோர் தி லெட்டர்" என்றால் கடிதம் ஓரத்தில் கிழிந்திருக்கலாம். "ஷி டோர் அப் தி லெட்டர்" என்றால் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டாள். நம் 'போட்டுவிடு' செய்வதை அங்கே 'அப்' செய்கிறது. ஈட் அப், யூஸ் அப் என்பவையும் அப்படியே. 'ஆன்' தொடர்ச்சி: கேரி ஆன், கீப் ஆன். 'டவுன்' குறைவு: ஸ்லோ டவுன், கட் டவுன். 'பேக்' திரும்ப: கால் பேக், பே பேக்.

இது துணைக்கு மட்டும்தான், சூத்திரமாக நம்பக் கூடாது. முதலில் பார்த்த 'கோ ஆஃப்'பையே எடுத்துக்கொள்ளுங்கள். அலாரம் வென்ட் ஆஃப்: அடித்தது. பாம் வென்ட் ஆஃப்: வெடித்தது. லைட்ஸ் வென்ட் ஆஃப்: விளக்குகள் அணைந்தன. பிரிட்டன்காரர் "தி மில்க் ஹாஸ் கான் ஆஃப்" என்றால் பால் கெட்டுப்போச்சு. ஒரே வினை அடிக்கவும் வெடிக்கவும் அணையவும் கெடவும் செய்கிறது. எது என்று முடிவு செய்வது எழுவாய். எழுவாய் இல்லாமல் 'கோ ஆஃப்' என்று மட்டும் குறித்து வைத்தால் அந்தப் பக்கம் வீண்.

படி 5: இடியம்களுக்குத் தனிப் பக்கம்

இடியத்தை, அதாவது சொற்களின் நேர்ப்பொருளை விட்டு வேறொன்றைச் சொல்லும் மரபுத்தொடரை, நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதி வாருங்கள். இங்கே நமக்கு நிறைய ஜோடிகள் தயாராக உள்ளன. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' அத்தி பூத்தாற்போல. 'எ பீஸ் ஆஃப் கேக்' அல்வா சாப்பிடுவது மாதிரி. 'பட்டர் அப்' என்பது ஃப்ரேசல் வெர்ப்தான், ஆனாலும் இங்கே வைத்தால் மறக்காது: நாம் ஐஸ் வைக்கிறோம், அவர்கள் வெண்ணெய் தடவுகிறார்கள். 'கேரி கோல்ஸ் டு நியூகாசில்' கொல்லன் தெருவில் ஊசி விற்பது. வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசில், நிலக்கரியை ஊர் ஊராக அனுப்பிய துறைமுகம், அங்கேயே யாராவது கரி கொண்டுபோவார்களா?

ஆபத்து, ஜோடி போலத் தெரிந்து ஜோடியாக இல்லாதவற்றில் இருக்கிறது. 'புல் சம்ஒன்ஸ் லெக்' காலை வாரிவிடுவது அல்ல, சும்மா கலாய்ப்பது. "ஐம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்" என்று சிரித்துக்கொண்டு சொல்பவர்மேல் சந்தேகப்பட வேண்டாம். 'ஈட் யுவர் வேர்ட்ஸ்' வார்த்தையை முழுங்குவதும் அல்ல. சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வது. 'புட் ஆன் ஐஸ்' ஐஸ் வைப்பதா என்றால் இல்லை, ஒரு வேலையைக் கிடப்பில் போடுவது. இப்படிப்பட்டவற்றுக்குச் சிவப்பு மையில் கட்டம் போடுங்கள்.

இடத்தையும் குறியுங்கள். 'கிக் தி பக்கெட்' மண்டையைப் போடுவதற்குச் சரியான ஜோடி. துக்க வீட்டில் மண்டையைப் போட்டார் என்று சொல்வோமா? அதே கதைதான். அகராதியில் இதற்கு 'இன்ஃபார்மல்' என்ற குறிப்பு இருக்கும். அதையும் சேர்த்து எழுதுங்கள். இடியத்தின் சொல்லை மாற்றவும் கூடாது: பக்கெட்டுக்குப் பதில் குடத்தை உதைத்தால் யாரும் சாகமாட்டார்கள்.

படி 6: நாள் கணக்கு

ஒரு நாளைக்கு நான்கு போதும். ஐந்து நாளில் 20. சனிக்கிழமை புதிதாக எதுவும் வேண்டாம். ஞாயிறு, ஆங்கிலப் பக்கத்தைக் கையால் மறைத்து, தமிழ் வினையை மட்டும் பார்த்து வாக்கியம் சொல்லுங்கள். ஆங்கிலம் பார்த்துத் தமிழ் சொல்வது எளிது, ஏமாற்றும். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 15ஆம் நாள் புரட்டுங்கள். சொதப்பியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி; மூன்று புள்ளி சேர்ந்தால் புதிய வாக்கியம் எழுத வேண்டும், பழைய வாக்கியம் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

'கெட்'டில் வருபவை எல்லாம் ஒரே நாளில் என்று பட்டியல் போட்டுப் படிப்பது மிகப் பரவலான தவறு. கெட் அப், கெட் ஓவர், கெட் அலாங், கெட் அவே எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, பரீட்சை அன்று எது எது என்றே தெரியாது. ஒரு நாளின் நான்கும் நான்கு வெவ்வேறு வினையாக இருக்கட்டும்.

படி 7: நம் ஊர் ஆங்கிலத்தைச் சலித்துக்கொள்ளுங்கள்

"ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்று ரெஸ்யூமேயில் எழுதினால் இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டில் அதைப் படிப்பவருக்கு, 2019இல் நீங்கள் மயங்கி விழுந்தது போலத் தோன்றும். 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். 'கோப் அப் வித்' என்று ஒன்று கிடையாது. 'கோப் வித்' மட்டும், அப் நாமே ஒட்டவைத்தது. "வேர் ஆர் யூ புட் அப்?" என்பதும் நம்மூர்ச் சரக்குதான்; "வேர் ஆர் யூ ஸ்டேயிங்?" போதும்.

அலுவலகக் கடிதத்தில் 'போஸ்ட்போன்', பேச்சில் 'புட் ஆஃப்'. இரண்டையும் ஒரே வரியில் எழுதி வைத்தால், மேலதிகாரிக்கு மெயில் அடிக்கும்போதும் கேன்டீனில் பேசும்போதும் தடுமாற்றம் இருக்காது.