தகரத்தைப் பிரிக்கும் முன்பு

மேற்கு வேல்ஸில், கெரெடிகியன் பக்கம், துருப்பிடித்த தகரக் கூரை போட்ட குடில் ஒன்று இடிபடப்போகிறது என்று கேள்விப்பட்டால், அது போகும் முன்பு அளந்து வரைந்து வைக்க உடனே போங்கள். பழைய வைக்கோல் கூரையைப் பிரிக்காமல் அதன் மேலேயே தகரத்தைப் போர்த்துவது அங்கே வழக்கமாக இருந்தது. மழை படாததால் அடியில் எல்லாம் அப்படியே தங்கியிருக்கும்.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். கூடவே, ஒவ்வோர் அறையையும் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்றும் கேட்டுக் குறியுங்கள். சமையலும் புழக்கமும் நடந்த அறை ‘கெகின்’, படுக்கும் அறை ‘ஷம்பர்’. தலைக்கவசம், நல்ல டார்ச், இரண்டு அளவு டேப், பென்சில் போதும். வௌவால் தங்கிய தடயம் தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்; அங்கே அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

தரைப் படத்தை 1:50 அளவில் வரையுங்கள். சுவரின் கனத்தை ஜன்னல் இடைவெளியில் எடுக்கலாம். ஒவ்வோர் அறையிலும் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு கட்டாயம் வேண்டும். என் முதல் குடிலில் நான் அதை விட்டுவிட்டேன். நான்கு சுவர்களின் நீளமும் கையில் இருந்தும் எந்த மூலை எவ்வளவு கோணல் என்று தெரியவில்லை. திரும்பிப் போனபோது வெறும் தரைதான் இருந்தது. இன்றும் அது உறுத்துகிறது.

அதிக நேரத்தைக் கூரைக்குக் கொடுங்கள். பரணில் ஏற முடியாவிட்டால் ஏணியில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். கைமரங்கள் செதுக்கியவையா, பட்டையோடு கூடிய கிளைகளா? குறுக்கே கிடப்பது வரிச்சா, வைக்கோல் கயிறா? அதன் மேல் முட்புதரோ ஹெதர் செடியோ பரப்பி, அப்புறம்தான் வைக்கோல் வேய்ந்திருப்பார்கள். இந்த அடுக்குகளின் வரிசையை அடியிலிருந்து மேலே எழுதுங்கள். கூரையைத் தாங்கும் வளைந்த மரம் சுவருக்குள் புதைந்து இருந்தால், அது ஒரே மரமா, இரண்டை ஒட்டி ஆப்பு அடித்ததா என்று பார்த்து அந்த இணைப்பைத் தனியாக வரையுங்கள். அடுப்புக்கு மேலே வரிச்சு பின்னி மண் பூசிய புகைக்கூண்டு இருந்தால் அதற்கே அரை நாள் ஒதுக்கலாம். இடிக்கும்போது முதலில் நொறுங்குவது அதுதான்.

ஃபோட்டோவில் அளவுகோல் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இடிக்கும் நாளன்றும் போங்கள். ஓட்டுநரிடம் காலையிலேயே பேசி, முதல் சுவர் வெட்டுப்பட்டதும் பத்து நிமிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். களிமண்ணும் வைக்கோலும் சிறுகல்லும் பிசைந்த ‘க்ளோம்’ சுவர், கல் அடித்தளத்தின் மேல் படிப்படியாக உயர்ந்த விதம் அந்த வெட்டில்தான் தெரியும். முழுசாக நிற்கும் க்ளோம் வீட்டைப் பார்க்க வேண்டுமானால், கார்டிஃபுக்கு அருகே செயின்ட் ஃபகன்ஸ் அருங்காட்சியகத்துக்கு கார்மார்தன்ஷயரிலிருந்து பெயர்த்து வந்த நான்ட்வால்டர் குடில் இருக்கிறது.

ஒவ்வொரு தாளிலும் வீட்டின் பெயர், நிலப்படத்தில் அது இருக்கும் இடத்தின் குறியெண், தேதி, உங்கள் பெயர் எழுதி, ஒரு பிரதியை வேல்ஸின் பழைய கட்டடங்களையும் சின்னங்களையும் பதிவுசெய்யும், அபெரிஸ்ட்வித்தில் உள்ள ராயல் கமிஷனின் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். 1908-இல் தொடங்கிய அமைப்பு அது. பென்சிலில் வரைந்த மூலத் தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அளவு எழுதியிருப்பது அதில்தான்.