மெயின்டனன்ஸ் பாக்கிக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

ஃபிளாட் சங்கத்தில் ஒருவர் ஆறு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை என்றால், மொட்டை மாடிக்குப் போய் அந்த வீட்டு வால்வை மூடத் தோன்றும். வேண்டவே வேண்டாம். அந்த வீட்டில் கைக்குழந்தையோ வயதான அம்மாவோ இருக்கலாம். வழக்கு என்று வந்தால், பணம் கேட்ட சங்கம்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்கும்.

எந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்று பிரித்து எழுதி, கெடு தேதி போட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாமதக் கட்டணத்தை, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான உங்கள் பைலாவில், அதாவது சங்க விதிகளில், இருந்தால் மட்டும் சேருங்கள்.

அப்புறம், பொதுக்குழுத் தீர்மானத்தை வாட்ஸ்அப்போடு விட்டுவிடாமல் மினிட்ஸ் நோட்டில் எழுதி, வந்தவர்கள் கிளம்பும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.