கிளாட் தேர்வை இரண்டாம் முறை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவின் பத்தாம் நாள். ஊரில் பாதிப்பேர் கோட்டாற்றுக்குப் போய்க்கொண்டிருக்க, நானும் அப்பாவும் தக்கலையிலிருந்து எதிர்ப்பக்கம், திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினோம். மத்தியானம் 2 மணிக்குக் கிளாட், அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வு. 4 மணிக்கு முடிந்தது. திரும்பும் வழியில் களியக்காவிளையில் சாயா வாங்கித் தந்த அப்பா, "எப்படிப் போச்சு மக்களே?" என்று கேட்டார். நல்லா எழுதியிருக்கேன் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு வாரத்தில் முடிவு வந்தபோது 120-க்கு அறுபது கூட இல்லை.

அடுத்த ஆண்டு மறுபடி எழுதி, இப்போது திருச்சியில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேர் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். அவர்களில் பலர் ஒருமுறை எழுதித் தோற்றவர்கள். நான் செய்த அதே தப்புகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சில அடிப்படை விவரங்கள். கிளாட்டை நடத்துவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், லீகல் ரீசனிங் (சட்ட விதியைச் சம்பவத்தில் பொருத்துவது), லாஜிக்கல் ரீசனிங் (தர்க்கம்), கணக்கு என ஐந்து பகுதிகள். நடப்பு நிகழ்வுகளும் லீகல் ரீசனிங்கும் தலைக்குக் கால்வாசி, கணக்கு பத்தில் ஒரு பங்கு. வயது வரம்பு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதெல்லாம் பலருக்குத் தெரியாது. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம் என்பதால், "வக்கீலுக்குப் படிக்கவும் என்ட்ரன்ஸா?" என்று என்னிடமே பல பேர் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் முறை எழுதுகிறவர் செய்யும் பெரிய தவறு, முதல் முறை என்ன நடந்தது என்று பார்க்காமலே மறுபடி தொடங்குவது. முடிவு வந்த அன்று அழுகை, மறுநாள் வைராக்கியம், மூன்றாம் நாள் புதிய புத்தகக் கட்டு. பழைய வினாத்தாளைக் கையால் தொடுவதில்லை. பார்த்தால் வயிற்றைப் பிசையும், புரிகிறது. நானும் இரண்டு மாதம் அதைத் துணிகளுக்கு அடியில்தான் வைத்திருந்தேன். ஆனால் கூட்டமைப்பின் இணையதளத்தில் வினாத்தாளும் விடைக்குறிப்பும் இருக்கின்றன. அதை எடுத்து வைத்து, நாம் தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஏன் தவறியது என்று ஒரு வரி எழுத வேண்டும். "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது. அந்தச் சொல் எதையும் சொல்லாது.

நான் எழுதிப் பார்த்தபோது 45 தவறுகள் இருந்தன. 19 கேள்விகளில் இரண்டு விடைகள் வரை வந்து, தவறானதைத் தேர்ந்திருந்தேன். 14 நடப்பு நிகழ்வுகளில், சுத்தமாகத் தெரியாதவை. 7 லீகல் பகுதியில், பத்தியில் இல்லாததை நானாகச் சேர்த்துக்கொண்டதால். மிச்சம் 5 கடைசி நேர அவசரம். அதுவரை என் பலவீனம் கணக்கு என்றே நினைத்திருந்தேன். மாத்ஸ் டியூஷனுக்குச் சேரப் பணம் கூடப் பேசி வைத்திருந்தோம். கணக்கில் நான் இழந்தது இரண்டே இரண்டு மதிப்பெண்.

அந்த 19-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு விடைகள் வரை வந்து கோட்டைவிடுவது அதிர்ஷ்டக் கேடு அல்ல, வாசிப்புக் குறை. கிளாட் 2020-லிருந்து முழுக்கப் பத்தி வாசிப்பாக மாறிவிட்டது. ஒவ்வொரு பகுதியிலும் நீளமான ஒரு பத்தி, அதன் கீழே சில கேள்விகள். நம் பிள்ளைகள் நீட் கோச்சிங்கைப் பார்த்து வளர்ந்தவர்கள். பக்கத்து வீட்டு அக்கா பயாலஜியை வரி விடாமல் மனப்பாடம் செய்து டாக்டரானார் என்றால், நாமும் ஒரு தடிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால் போதும் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். இங்கே அப்படிக் கரைத்துக் குடிக்க ஒன்றும் இல்லை. "சில சமயம்", "பெரும்பாலும்", "மட்டுமே" போன்ற சின்னச் சொற்கள் பத்தியில் எங்கே நிற்கின்றன என்று கவனித்து வாசிக்கும் பழக்கம் வேண்டும். அது ஆறு மாதத்தில் மெதுவாக வரும், ஒரு வாரத்தில் வராது. தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தை எடுத்து, எழுதியவர் என்ன சொல்கிறார், எதை மறுக்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று மூன்று வரி எழுதினேன். அதைத் தமிழில்தான் எழுதினேன். தமிழில் எழுத முடியவில்லை என்றால் எனக்கு ஆங்கிலத்தில் புரியவில்லை என்று பொருள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்து அந்த 7. லீகல் ரீசனிங்குக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள், அதைச் சம்பவத்தில் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் முறை எழுதுகிறவர் ஓராண்டில் கொஞ்சம் சட்டம் படித்துவிடுகிறார். அங்கேதான் வினை. என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் ஒரு கேள்வி இது. விதி: ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது வெளியேறிப் பிறருக்குத் தீங்கு செய்தால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும். சம்பவம்: குலசேகரம் பக்கம் ஒருவர் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்டைக் கேன்களில் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார். புயலில் ஷெட் சரிந்து, ஆசிட் பக்கத்து வீட்டுக்காரர் குளத்தில் கலந்து மீன்கள் சாகின்றன. அவர் பொறுப்பா?

முதல் முறை எழுதும் பிள்ளை, "அவர் பத்திரமாகத்தானே வைத்திருந்தார், பாவம்" என்று விட்டுவிடும். இரண்டாம் முறை எழுதுகிறவர் வேறு வழியில் தவறுவார். "இது ரைலண்ட்ஸ் வழக்கு விதி, இயற்கைச் சீற்றம் என்றால் விலக்கு உண்டு" என்று 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பை இழுத்து வருவார். விலக்கு உண்டு என்பது சரிதான். ஆனால் கொடுத்த பத்தியில் அந்த விலக்கு இல்லை. பத்தியில் இல்லாதது தேர்வு அறையில் இல்லை. அதனால் அவர் பொறுப்புதான். டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் ஆபத்தான தொழில்களுக்கு விலக்கே கிடையாது என்று சொன்னது வரை தெரிந்தவர் இன்னும் குழம்புவார். தெரிந்ததை மறக்க வேண்டாம், இரண்டு மணி நேரம் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்தால் போதும்.

பழைய கைடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சீனியர் அண்ணன் கொடுத்தது, நாகர்கோவில் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று பலர் வைத்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்பது இப்போது 103. நாம் ஊரில் திட்டப் பயன்படுத்தும் 420 கூட 318-க்குள் போய்விட்டது. தேர்வில் பிரிவு எண்ணைக் கேட்பதில்லைதான். ஆனாலும் பெயர் மாறிய சட்டத்தைப் பழைய பெயரில் படித்துவிட்டு நடப்பு நிகழ்வுப் பத்தியை வாசித்தால் தலை சுற்றும். அதுபோல, போன ஆண்டு சேர்த்த நடப்பு நிகழ்வுக் குறிப்புகளையே திரும்பப் புரட்டுவதும் வீண். அவை அந்த ஆண்டோடு போயிற்று.

நெகட்டிவ் மார்க் பயம் தனிக்கதை. "தெரியாவிட்டால் தொடாதே" என்று எனக்கும் சொன்னார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே தெரியாமல் 16 கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் குறித்தால், சராசரியாக 4 சரியாகும், 12 தவறாகும். 4-இல் 3 போனால் மிச்சம் 1. பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்த 16 கேள்விகளில், 8 சரி, 8 தவறு, 2 கழிந்து 6 கிடைக்கும். அந்த இடத்தில் பயந்து விட்டுவிடுவதுதான் நஷ்டம். அதே சமயம், அப்படி ஒரு கேள்விக்கு நாலு நிமிடம் செலவிட்டால் பின்னால் இருக்கும் சுலபமான கேள்விகளைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. கழியும் கால் மதிப்பெண்ணைவிட அந்த நாலு நிமிடம் விலை கூடியது.

கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். விகிதம், சதவீதம், வரைபடம். காமர்ஸ் எடுத்தவர்கள் முழுதாகக் கைவிடுவதும், பயோ மாத்ஸ் எடுத்தவர்கள் பயிற்சியே செய்யாமல் போவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும்.

மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) விஷயத்தில் என் தோழி ஒருத்தி ஐம்பதைத் தாண்டி எழுதினாள், அத்தனையும் இரவு பத்து மணிக்கு மேல், போனில், கட்டிலில் படுத்துக்கொண்டு. கிளாட் காகிதத்தில் நடக்கிறது. ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்ப வேண்டும், 120 வட்டங்களுக்கு ஆகும் நேரம் நாம் நினைப்பதைவிடக் கூடுதல். அதுவும் மத்தியானம் 2 மணிக்கு. மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக் கண் சொக்கும் அதே நேரம். இரண்டாம் முறை தயாரானபோது ஞாயிறுதோறும் சரியாக 2 மணிக்கு, அச்செடுத்த தாளில், பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் மூன்று வாரம் தூக்கத்தோடுதான் சண்டை. அதன்பிறகு ஞாயிறு மட்டும் மத்தியானச் சோற்றை அம்மா பாதியாகக் குறைத்துவிட்டாள். ஒரு டெஸ்ட் எழுதினால் அதைப் பிரித்துப் பார்க்க மறுநாள் முழுவதும் எடுத்தேன். மொத்தம் இருபத்திரண்டுதான் எழுதினேன்.

பயணத்தையும் தயாரிப்பில் சேர்க்க வேண்டும். தேர்வு டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி வருகிறது. நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2017-இல் ஓகி புயல் நம் மாவட்டத்தை அடித்தது நவம்பர் 30 அன்று என்பது யாருக்கும் மறந்திருக்காது. கோட்டாறு திருவிழாக் கூட்டமும் அதே நாட்கள். மார்த்தாண்டம் பக்கம் வண்டிகள் நிற்க ஆரம்பித்தால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. மையம் எந்த ஊரில் இருந்தாலும், முடிந்தால் முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். முடியாவிட்டால் வெள்ளனே கிளம்பும் ரயிலைப் பிடியுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஓராண்டு கைவசம் இருந்தும் பலர் கடைசியில் ஓடுகிறார்கள். மாநிலச் சமூகச் சான்றிதழும் மத்திய ஓ.பி.சி. சான்றிதழும் ஒன்றல்ல. பி.சி. சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தவர் கவுன்சலிங் நேரத்தில் விழிப்பார். எந்தப் பல்கலைக்கழகம் எந்த ஒதுக்கீட்டுக்கு எதைக் கேட்கிறது என்று முதலிலேயே பார்த்து, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். திருச்சியில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு, அதற்கான ஆவணங்களும் கையில் இருக்கட்டும்.

டிசம்பரில் கிளாட் போன சோகத்தில் மார்ச்சில் பிளஸ் டூவையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கிளாட்டுக்குத் தகுதி பெறவே பிளஸ் டூவில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40. தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் சேர அந்த மதிப்பெண்தான் எல்லாமே. ஓராண்டு எங்கும் சேராமல் டிராப் எடுப்பதா, ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதுவதா என்று கேட்பார்கள். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையைப் பார்த்து உறவினர்கள் கல்யாண வீட்டில் கேட்கும் கேள்விகளைத் தாங்க முடியும் என்றால் டிராப். தாங்காது என்றால் பக்கத்துக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்வது உத்தமம், வாசிப்பும் கூடும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ஐலெட் என்று தனித்தேர்வு இருக்கிறது, அதே டிசம்பரில். அதையும் எழுதுங்கள், தனியாகப் பெரிதாகத் தயாராக வேண்டியதில்லை.

கடைசியாக, தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வரும். ஆட்சேபம் தெரிவிக்கக் கேள்விக்கு ஆயிரம் ரூபாய். பணத்தைப் பார்த்து நானும் சும்மா இருந்தேன். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி நான் எழுதிய அதே தேர்வின் விடைகள் சில தவறு என்று மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம்தான் தீர்ந்தது. அதுவரை ரேங்க் மாறுமா, எந்தக் கல்லூரி என்று ஒன்றும் தெரியாமல், அப்பா ரப்பர் வெட்டப் போகும் விடியற்காலையில் எழுந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "திருநெல்வேலிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வை பிள்ளே" என்றாள் அம்மா. போட்டு வைத்தேன்.