இட்ரா இன்டெக்ஸ்: மலையோட்டக்காரர்கள் தப்பாகப் படிக்கும் எண்

50 கிலோமீட்டர் மலைப் போட்டி ஒன்றில், 38ஆவது கிலோமீட்டரில், ஓடுகிறவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கொடுக்கும் எய்ட் ஸ்டேஷனில் தன்னார்வலராக நின்றிருந்தேன். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான். நெஞ்சில் குத்தியிருந்த எண்ணை ஊக்கோடு எடுத்து என்னிடம் நீட்டினான். காலில் அடியில்லை, வயிற்றில் கோளாறில்லை, போட்டியை முடித்தாக வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. "ஏம்ப்பா?" என்று கேட்டேன். "இவ்ளோ லேட்டா முடிச்சா இன்டெக்ஸ் எறங்கிடும்ண்ணா. டிஎன்எஃப் ஆனா கணக்குலயே வராது."

அவன் சொன்னதில் பாதி சரி. டிஎன்எஃப், அதாவது முடிக்காமல் பாதியில் விட்ட போட்டி, கணக்கில் வராது. மீதிப் பாதி தப்பு. அந்தத் தப்பை நம்பித்தான் 12 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது மாதக்கணக்கான பயிற்சியை விட்டுவிட்டுப் போனான்.

2013இல் தொடங்கப்பட்ட சர்வதேச டிரெயில் ரன்னிங் சங்கத்தைத்தான் இட்ரா என்கிறோம். நீங்கள் முடிக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் 1000க்கு இத்தனை என்று அது ஒரு ஸ்கோர் கொடுக்கிறது. கடைசி 36 மாதங்களில் உங்களுடைய மிகச்சிறந்த ஐந்து ஸ்கோர்களின் எடையிட்ட சராசரிதான் பெர்ஃபார்மன்ஸ் இன்டெக்ஸ். 'மிகச்சிறந்த ஐந்து' என்பதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். உங்கள் கணக்கில் 520, 510, 500, 490, 480 இருக்கிறது என்று வையுங்கள். ஆறாவது போட்டியில் கால் இழுத்து, நடந்தே முடித்து 430 வாங்கினால் எதுவும் மாறாது. அந்த 430 ஓரமாகக் கிடக்கும். ஐந்து முடிவுகள் இன்னும் சேராதவருக்கு மட்டும் குறைந்த ஸ்கோரும் சராசரிக்குள் வரலாம். தொடர்ந்து ஓடினால் அதையும் நல்ல ஸ்கோர்கள் வெளியே தள்ளிவிடும்.

உண்மையில் இன்டெக்ஸ் இறங்குவது வேறு வழியில். மூன்று வருடத்துக்கு முன் ஓடிய அந்த 520க்கு 36 மாதம் முடிந்ததும் அது கழன்றுவிடும். அதன் இடத்துக்கு 430 வந்து உட்காரும். நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே எண் குறைந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு "எனக்கு வேகம் போச்சு" என்று பயந்து, பயிற்சியை இரட்டிப்பாக்கி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். எண் குறைந்தால் முதலில் எந்தப் பழைய போட்டி காலாவதியானது என்று பாருங்கள்.

அடுத்தது, இடத்தையும் ஸ்கோரையும் குழப்பிக்கொள்வது. "நான் முதலாவதாக வந்தேன், எனக்கு வெறும் 560ஆ?" என்று ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு. எத்தனையாவதாக வந்தீர்கள் என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. தூரம், ஏற்றம், ஓடியவர்களின் முந்தைய முடிவுகள் ஆகியவற்றை வைத்து அந்தப் பாதை எவ்வளவு கடினம் என்று மதிப்பிட்டு, அதில் உங்கள் வேகத்தை அளக்கிறார்கள். அதனால் நாற்பது பேர் ஓடிய போட்டியில் ஜெயித்தவரை விட, ஐரோப்பாவில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யுடிஎம்பி போட்டியில் முன்னூறாவதாக வந்தவர் கூடுதல் ஸ்கோர் வாங்கியிருக்க முடியும்.

ஒரே போட்டிக்குள் ஸ்கோர் ஏறக்குறைய வேகத்துக்கு நேர்விகிதமாக நகரும். 8 மணி நேரத்தில் முடித்தவருக்கு 800 என்றால், 16 மணி நேரத்தில் முடித்தவருக்குச் சுமார் 400. அவர் ஒரு மணி நேரம் குறைத்து 15இல் முடித்திருந்தால் 427, அதாவது 27 புள்ளிதான் கூடுகிறது. 10 மணி நேரக்காரர் அதே ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் 640 என்பது 711 ஆகிறது, 71 புள்ளி. பின்வரிசையில் ஓடுகிறவர் பெரும்பாடுபட்டு முன்னேறியும் எண் கொஞ்சமாக ஏறுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அவர் முன்னேற்றம் சின்னது என்று இதற்கு அர்த்தமில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தூரத்தை மட்டும் பார்த்துப் போட்டியை எடைபோடுவது இன்னொரு பழக்கம். இட்ரா போட்டிகளைப் பிரிப்பது கிலோமீட்டரால் அல்ல, கிலோமீட்டர்-எஃபர்ட்டால். தூரத்தோடு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒன்றைக் கூட்ட வேண்டும். 50 கிலோமீட்டரில் 2500 மீட்டர் ஏற்றமிருந்தால் 75. 70 கிலோமீட்டரில் 400 மீட்டர் மட்டுமே இருந்தால் 74. 45 முதல் 74 வரை 'எஸ்', 75இலிருந்து 'எம்'. ஆக, 50 கிலோமீட்டர் போட்டி பெரிய வகையிலும் 70 கிலோமீட்டர் போட்டி சின்ன வகையிலும் போய் விழுகின்றன. சுமார் 170 கிலோமீட்டரும் 10,000 மீட்டர் ஏற்றமும் கொண்ட யுடிஎம்பி இந்தக் கணக்கில் 270ஐத் தொடுகிறது.

பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வரும் குழப்பம்தான் அதிகம். இட்ரா இன்டெக்ஸ் வேறு, யுடிஎம்பி இன்டெக்ஸ் வேறு. 2021இல் யுடிஎம்பி தனக்கென உலகத் தொடர் ஒன்றை அறிவித்த பிறகு, 20கே, 50கே, 100கே, 100 மைல் என நான்கு பிரிவுகளில் தனி இன்டெக்ஸும் கொண்டுவந்தது. ஒன்றில் 540, இன்னொன்றில் 525 என்றால் எதிலும் பிழையில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அதேபோல், ரன்னிங் ஸ்டோன் என்பது வேகத்துக்கான மதிப்பெண் அல்ல. தொடரில் உள்ள போட்டியை முடித்தாலே கிடைக்கும், கடைசி ஆளாக முடித்தாலும் சரி. பிரான்ஸின் ஷமோனியில் நடக்கும் இந்தத் தொடரின் இறுதிப் போட்டிகளில் இடம் கிடைப்பதற்கான குலுக்கலுக்கு ஸ்டோனும் வேண்டும், அந்தப் போட்டிக்கு ஏற்ற பிரிவில் செல்லுபடியாகும் யுடிஎம்பி இன்டெக்ஸும் வேண்டும். குலுக்கலில் உங்கள் வாய்ப்பைக் கூட்டுவது ஸ்டோன்களின் எண்ணிக்கைதான், இன்டெக்ஸ் எத்தனை என்பது அல்ல.

பெண்களின் எண்ணை ஆண்களின் எண்ணோடு வைத்துப் பேசும்போது கவனம் வேண்டும். இரு பாலருக்கும் ஒரே 1000 அளவுகோல்தான். 2023 யுடிஎம்பியை ஜிம் வால்ம்ஸ்லி 19 மணி 37 நிமிடத்தில் முடித்தார். 2024இல் கேட்டி ஷைட் 22 மணி 9 நிமிடத்தில் முடித்தார். அதுவரை எந்தப் பெண்ணும் அந்தச் சுற்றை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. இருவரும் ஒரே நாளில் ஓடியிருந்தால் இந்த அளவுகோல் ஷைட்டை நூறு புள்ளிக்கு மேல் கீழே காட்டியிருக்கும். 600 வாங்கிய பெண்ணும் 600 வாங்கிய ஆணும் தத்தம் வரிசையில் ஒரே இடத்தில் இல்லை. அந்தப் பெண் எவ்வளவோ மேலே நிற்கிறார்.

இனி, நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல். பதிவுப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். ஒரு போட்டிக்கு 'ஆர்' என்று போட்டேன், அடுத்ததற்கு அப்பா பெயரை முழுதாக எழுதினேன், மூன்றாவதற்குக் கட்டத்தை மாற்றிப் போட்டேன். என் பெயரில் ழகரமும் உண்டு, ஆங்கிலத்தில் அதை இரண்டு விதமாக எழுதி வைத்திருந்தேன். விளைவு, இட்ரா தளத்தில் நானே இரண்டு பேராக இருந்தேன். ஒருவருக்கு மூன்று போட்டி, இன்னொருவருக்கு இரண்டு. என் நல்ல ஸ்கோர் இரண்டும் எனக்கே தெரியாத அந்த இரண்டாவது ஆளிடம் இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி எழுதிக் கேட்ட பிறகுதான் சரியானது. அன்றிலிருந்து பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே போனில் சேமித்து வைத்து, எந்தப் படிவமானாலும் அதிலிருந்து எடுத்துப் போடுகிறேன், பிறந்த தேதி உட்பட.