ஊரின் மனநலக் கணக்கெடுப்பு: வாசலில் எது கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

ஒரு ஒன்றியத்தில் எத்தனை பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருக்கின்றன? அவர்கள் வைத்தியத்துக்கு எங்கே போகிறார்கள்? அரசு ஆஸ்பத்திரியைப் பற்றியும் மனநோயைப் பற்றியும் ஊர் என்ன நினைக்கிறது? இந்த மூன்றையும் ஒரே சுற்றில் கேட்டுவர நினைக்கும் செவிலியர் கல்லூரிகள், சமூகப்பணித் துறைகள், தொண்டு நிறுவனங்களுக்கு இந்தக் குறிப்புகள். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, சிகிச்சை தேவைப்படுவோரில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை என்று காட்டியது. ஆனால் மாநில அளவிலான எண்ணை வைத்துக்கொண்டு, உங்கள் ஒன்றியத்தில் மாத்திரை எந்த நிலையத்தில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய முடியாது. கணக்குப் பகுதி அரை நாள் வேலை. தப்பெல்லாம் பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் நடக்கிறது.

எத்தனை பேர், எந்த ஊர்கள்

எந்த விகிதம் வரும் என்று முன்கூட்டியே தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 95 சதவீத நம்பிக்கை (இப்படி நூறு முறை கேட்டால் 95 முறை உண்மை நம் பிழை வரம்புக்குள் விழும்), கூடக்குறைய 5 சதவீதப் பிழை என்றால் 384 பேர் வேண்டும். இது ஒன்றியம் முழுவதிலும் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால்தான் பொருந்தும். நாம் சில ஊர்களைத் தேர்ந்து அங்கே கொத்தாகக் கேட்கிறோம். ஒரே தெருக்காரர்களின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும் என்பதால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும்: 768. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று கொண்டால் 854. இதை 30 கொத்துகளாகப் பிரித்தால் கொத்துக்கு 29 பேர், மொத்தம் 870.

ஊர்களை மக்கள்தொகை விகிதப்படி எடுங்கள். குக்கிராமம் வரை எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 90,000 என்றால் இடைவெளி 3,000. முதல் 3,000க்குள் குலுக்கலில் 1,140 வந்தது என்றால் அந்த எண் விழும் ஊர் முதல் கொத்து. அடுத்தது 4,140, பிறகு 7,140 என்று போகும். பெரிய ஊர் இரண்டு முறை வந்தால் அங்கே இரண்டு கொத்து எடுக்க வேண்டும், ஒன்றைக் கழித்துவிடக் கூடாது.

ஊருக்குள் போனதும் நடக்கும் மிகப் பெரிய தவறு, கோயிலிலிருந்தோ பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்தோ தொடங்கி நடப்பது. அப்படி நடந்தால் 29 வீடும் ஊர்த்தெருவிலேயே முடிந்துவிடும், காலனி விடுபட்டுப்போகும். ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் இடத்தில் இது ஆய்வையே பொய்யாக்கும். முதல் நாள் கேள்வியே கேட்காதீர்கள். காலனி, தோட்டத்து வீடுகள், புறம்போக்கில் இருக்கும் குடிசைகள் உள்பட எல்லா வீட்டுக்கும் படம் வரைந்து எண் கொடுங்கள். 210 வீடு இருந்தால் 29ஆல் வகுக்க 7 வரும். 1 முதல் 7க்குள் ஒரு சீட்டு எடுத்து, அதிலிருந்து ஏழாவது ஏழாவது வீடு. 210ஐத் தாண்டும்வரை போங்கள். ஓரிரு வீடு கூடுதலாக வந்தால் பரவாயில்லை.

வீட்டுக்குள் யாரிடம்

கதவைத் திறப்பவரிடமே கேட்டுவிட்டு வருவது சுலபம். அப்படிச் செய்தால் கிடைப்பவர்கள் வயதானவர்கள், வேலைக்குப் போகாதவர்கள், உடம்பு முடியாதவர்கள். மனச்சோர்வின் விகிதம் நிஜத்தைவிட மேலே போய் நிற்கும். கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைத் தேர்ந்தெடுக்கும் வழி நகரத்துக்குச் சரி. பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் இருக்கும் ஊரில் எடுபடாது. 1949இல் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் வகுத்த கட்ட அட்டவணையைப் பயன்படுத்துங்கள்: 18 வயது நிரம்பியவர்களை வயதுவாரியாக எழுதி, படிவத்தில் முன்பே அச்சிட்ட எண்ணுக்கு உரியவரைத் தேர்வு செய்வது. அவர் வீட்டில் இல்லை என்றால் மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டும், அதில் ஒன்று மாலை ஆறு மணிக்கு மேல். பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்காதீர்கள். பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடு என்றே பதிவு செய்யுங்கள்.

நூறு நாள் வேலை நடக்கும் காலத்தில் பகல் முழுக்க பெண்கள் கிடைக்க மாட்டார்கள். அறுவடை, ஊர்த் திருவிழா, தேர்தல் வாரங்களைத் தவிருங்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விக்குப் பொங்கல் முடிந்த வாரத்தில் வரும் பதில் வேறு, தண்ணீர்ப் பஞ்சத்தில் வரும் பதில் வேறு.

கேள்வித்தாள்

புதிதாக மனநலக் கேள்விகள் எழுத உட்காராதீர்கள். மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்விப் பட்டியல் இலவசம், தமிழ் வடிவம் இருக்கிறது: 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பொதுவான மனநலத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் போதும். கூட்டுத்தொகை 25 வரை, அதை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். இரண்டையும் சேர்த்தே பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம்.

அச்சில் இருக்கும் தமிழை அப்படியே வாசித்தால் பாதிப் பேருக்குப் புரியாது. "ஆர்வமின்மை" என்று வாசிக்கும்போது தலையாட்டுபவர், "எதுலயும் மனசு போகல, ஒண்ணும் பிடிக்கலன்னு இருந்துச்சா?" என்று கேட்டால்தான் யோசிப்பார். ஆனால் ஆளுக்கொரு விளக்கம் சொல்ல விடக் கூடாது. உள்ளூர்ப் பேச்சில் ஒரே விளக்கத்தை எழுதி, எட்டுப் பத்துப் பேரிடம் "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அதன்பிறகு அச்சிட்டு எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும். செய்தித்தாள் படிப்பதில் கவனம் என்று வரும் கேள்வியை எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் டிவி சீரியல் என்று கேட்கலாம். மூலக்கேள்வியிலேயே டிவி இருக்கிறது.

பதில்களைச் சொல்லவைப்பதுதான் கஷ்டம். "சில நாட்கள்", "பாதி நாளுக்கு மேல்" என்ற இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். 14 கட்டங்கள் போட்ட அட்டை ஒன்றைக் காட்டி, "இந்தப் பதினாலு நாள்ல எத்தனை நாள்?" என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். கருத்துக் கேள்விகளில் ஐந்து படி அளவுகோலை ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். முதலில் சரியா தப்பா; அதன்பிறகு ரொம்பவா கொஞ்சமா.

எதிர்மறை வாக்கியங்களை வெட்டி எறியுங்கள். "மனநோய் வந்தவருக்கு வேலை கொடுக்கக் கூடாது, சரிதானே?" என்றால் "ஆமா" எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. "டாக்டரும் நர்ஸும் அன்பா நடந்துக்குறாங்களா?" என்பது இரண்டு கேள்வி. களங்கத்தை, அதாவது மனநோய் வந்தவரை ஒதுக்கும் மனப்பான்மையை அளக்க, நினைப்பதைக் கேட்பதைவிடச் செய்வதைக் கேளுங்கள்: மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு உங்கள் வீட்டை வாடகைக்கு விடுவீர்களா, அவரோடு வேலை செய்வீர்களா, அந்த வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்வீர்களா. முதல் இரண்டுக்கு ஆமாம் என்பவர்கள் மூன்றாவதில் தயங்குவார்கள். அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டிய அளவு.

சுகாதார நிலையத்தைப் பற்றி "திருப்தியா?" என்றால் "நல்லாப் பாக்குறாங்க" என்றுதான் வரும். "கடைசியா முடியாமப் போனப்ப எங்க போனீங்க? எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க? மாத்திரை அங்கயே கிடைச்சுதா, வெளிய வாங்கச் சொன்னாங்களா? பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று நடந்ததைக் கேட்டுவிட்டு, கடைசியில் கருத்துக்கு வாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களைப் பெயர் சொல்லிக் கேட்டால் பதில் கட்சிக்குப் போய்விடும். "வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பாத்தாங்களா? எத்தனை நாளைக்கு ஒருக்கா?" என்பதே போதும்.

கேட்பவர்

கிராம சுகாதார செவிலியரையோ தன்னார்வலரையோ கேள்வி கேட்க அனுப்பாதீர்கள். வீடு காட்ட, அறிமுகம் செய்துவைக்க அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவரிடம் அவர் வேலையைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டுச் சண்டையையும் சொல்ல மாட்டார்கள். வீட்டைக் காட்டியதும் அவர் கிளம்பிவிட வேண்டும்.

இருவராகப் போங்கள். ஒருவர் கேட்பவர், மற்றவருக்குக் கூட்டத்தை வேறு பக்கம் திருப்புவது மட்டுமே வேலை. மருமகளிடம் கேள்வி ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் மாமியார் பக்கத்தில் வந்து உட்காருவார், பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் எட்டிப் பார்ப்பார். அப்போது இரண்டாமவர் மாமியாரிடம் "அம்மா, நீங்க சுகருக்கு எங்க காட்டுறீங்க?" என்று குடும்ப விவரப் படிவத்தை எடுத்துத் திண்ணைப் பக்கம் நகர்த்த வேண்டும். பெண்களிடம் பெண்களே கேட்பது நல்லது. தனிமை கிடைக்கவே இல்லை என்றால் மனநலப் பகுதியை வேறு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்; யார் உடனிருந்தார்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கட்டும். பின்னால் அந்தக் கட்டத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் களத்துக்குப் போகும் முன்பே வாங்க வேண்டும். முடிந்தபின் வாங்க வழியில்லை. எழுதத் தெரியாதவர் கைரேகை வைத்தால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். ஆதார் எண் வாங்காதீர்கள். அதைக் கேட்டதுமே "ஏதோ திட்டத்துல சேக்குறாங்க" என்று ஊருக்குள் பேச்சு பரவும். அடுத்த தெருவில் எல்லோரும் ஏழையாகவும் நோயாளியாகவும் இருப்பார்கள்.

ஒரு ஜோடி நாளுக்கு ஆறு பேருக்கு மேல் கேட்க முடியாது. ஆறு ஜோடி இருந்தால் 870 பேருக்கு 25 நாள், மறுபடி போகும் நேரம் தனி. சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும் கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலி இருந்தால் நேரமும் இடமும் தானாகப் பதிவாகும். தினமும் இரவு மேற்பார்வையாளர் மூன்றைப் பார்க்க வேண்டும்: 15 நிமிடத்துக்குள் முடிந்த பேட்டிகள், எல்லாமே பூஜ்யமாக வந்த படிவங்கள், கேட்பவர்வாரியாகச் சராசரி. ஒருவருடைய ஆட்கள் மட்டும் யாருமே சோர்வாக இல்லை என்றால் அவர் கேள்வியைத் தாண்டிப் போகிறார். பத்தில் ஒரு வீட்டுக்கு மறுபடி போய் மூன்று கேள்விகளைக் கேட்டுச் சரிபார்ப்பதைக் குழுவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாவது கேள்வி

செத்துப்போகலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது பிஎச்க்யூவின் கடைசிக் கேள்வி. பலர் இதைச் சங்கடத்தில் முணுமுணுத்துத் தாண்டுவார்கள். கேட்பதால் எண்ணம் வராது. பயிற்சியில் இதைச் சத்தமாகப் பலமுறை சொல்லிப் பழக வைக்க வேண்டும்.

1 அல்லது அதற்கு மேல் என்று பதில் வந்தால் மீதிக் கேள்வித்தாளை மூடிவிடுங்கள். இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படி எப்போது என்று யோசித்திருக்கிறாரா, முன்பு முயன்றதுண்டா என்று நிதானமாகக் கேளுங்கள். எண்ணம் மட்டும் என்றால் அன்றைக்கே மேற்பார்வையாளருக்குப் போன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 எழுதிய அட்டை. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். திட்டமும் இருக்கிறது என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு எழக் கூடாது. அவர் நம்பும் ஒருவரை உடன் இருக்கச் செய்து, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றச் சொல்லி, அன்றே மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்பதை ஒப்புதல் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படுபவருக்கு, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது என்று சொல்லுங்கள். காகிதப் படிவங்களை மூட்டையாகக் கட்டி ஒரு மாதம் கழித்துப் பிரிக்கும் குழு இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

எண்களைப் படிப்பது

பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ வந்தவர்களை "மனச்சோர்வு நோயாளிகள்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. 2001இல் வந்த மூல ஆய்வில் 10 என்ற எல்லைக்கு நோயைக் கண்டுபிடிக்கும் திறனும், நோய் இல்லாதவரை விலக்கும் திறனும் 88 சதவீதம். ஆயிரம் பேரில் உண்மையில் 50 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 44 பேர் பிடிபடுவார்கள்; நோயில்லாத 950 பேரில் 114 பேரும் சேர்ந்து வருவார்கள். 5 சதவீதம் 15.8 சதவீதமாகத் தெரியும். ரத்தசோகை, சர்க்கரை, இரவு வேலை எல்லாமே அசதி, தூக்கம், பசிக் கேள்விகளில் புள்ளி ஏற்றும். "பிஎச்க்யூ-9இல் 10 அல்லது அதற்கு மேல்" என்றே எழுதுங்கள்.

இன்னொன்று, எடை போடுவது, அதாவது ஒவ்வொரு பதிலும் எத்தனை பேருக்குச் சமம் என்று கணக்கில் சேர்ப்பது. வீட்டுக்கு ஒருவரைத்தான் எடுத்தோம். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் வந்தவர் நான்கு பேருக்காகப் பேசுகிறார், தனியாக வாழும் பாட்டி ஒருவருக்காக. வீட்டிலுள்ள பெரியவர்களின் எண்ணிக்கையால் எடை போடாவிட்டால் தனியாக இருப்பவர்களின் குரல் பெரிதாகிவிடும். ஆர், ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டிலும் கொத்து, எடை இரண்டையும் குறிப்பிடும் கட்டளைகள் உண்டு.

முடிவைத் திரும்பச் சொல்ல கிராம சபை நல்ல இடம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஆனால் ஒன்றியத்தின் எண்ணை மட்டும் சொல்லுங்கள். 29 பேரை வைத்து ஓர் ஊருக்கு 50 சதவீதம் என்றால் பிழை இரு பக்கமும் 18 சதவீதம் வரை போகும். அதோடு "மனசு சரியில்லாத ஊர்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் பெண் கொடுக்க, எடுக்க வருபவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சபையில் ஊர்ப்பெயர் கேட்டு அழுத்தினாலும் சொல்லாதீர்கள். காத்திருந்த நேரம், கிடைக்காத மாத்திரை, பஸ் செலவு பற்றிய அட்டவணையை மட்டும் வட்டார மருத்துவ அலுவலரிடம் நிலையம்வாரியாகத் தனியே கொடுங்கள். அதிலும் மேலே சொன்ன பிழை வரம்பு பக்கத்தில் இருக்கட்டும்.